முதுகு காட்டும் நேயர்கள்

முதலில் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். மீசையை இரண்டு பக்கமும் விரலால் ஒதுக்கிவிடுகிறார். பிறகு, தூண் மாதிரி கழுத்தும் கப்பல் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகளும் உள்ள அந்த ஆள், ஒரு பெண்ணின் குரலில் பேச ஆரம்பிக்கிறார்.

"வணக்கம், நேயர்களே. இன்றைய நிகழ்ச்சியில் நாம் காண இருப்பது, கோழிகளைத் தாக்கும் கழிச்சல் நோயும் அதைத் தடுக்கும் முறைகளும்."

அந்தக் 'காண' கொஞ்சம் இழுபடும். மெட்ராஸில் அவர் பயிற்சிக்குப் போயிருந்தபோது, நிலையத்தில் அறிவிப்புச் செய்த அம்மாள் அப்படித்தான் இழுத்தாராம். சொல்லி முடித்ததும் மரப்பெட்டியின் இரண்டு கதவுகளையும் விலக்கிக் குமிழைத் திருகுகிறார். கண்ணாடி மெல்ல வெளுக்கிறது. சாம்பல் நிறத்தில் ஈக்கள் மொய்க்கத் தொடங்குகின்றன. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சல்.

அதே நொடியில், கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் திரும்பிப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொள்கிறார்கள்.

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் கல்வித் தொலைக்காட்சி தினமும் இப்படித்தான் ஆரம்பமாகிறது. ஜம்புலிங்கம் அதன் பொறுப்பாளர்.

கேட்பவர்களுக்கு அவர் தன்னை 'டெலிவிஷன் இன்சார்ஜ்' என்று சொல்லிக்கொள்வார். தீவு முழுக்க அந்தப் பதவியில் வேறு யாரும் இல்லை. டெலிவிஷனும் வேறு இல்லை. இந்தப் பெட்டி பிடிக்கக்கூடிய அலை எங்கிருந்தாவது வரவேண்டுமானால் மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும், நடுவில் வங்காள விரிகுடா முழுசாகப் படுத்துக்கிடக்கிறது. பிறகு எதற்குப் பெட்டி என்று கேட்டால், ஜம்புலிங்கம் ரொம்பப் பொறுமையாக விளக்குவார். திட்டத்தில் பெட்டி வாங்கப் பணம் தனி, நிலையம் கட்டப் பணம் தனி. பெட்டிப் பணம் முதலில் வந்துவிட்டது. மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆகவே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். நிலையத்துக்கான பணம் இன்னும் டெல்லியில் மேஜை மாறி மேஜை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

"கல்யாணத்துக்கு மொதல்ல மாலைய வாங்கிட்டாங்க. பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க. இதுல என்ன தப்பு?" என்பார்.

பெட்டி வந்து இறங்கிய அன்று ஊரே கடற்கரையில் நின்றது. அலையில் ஏறி இறங்கிய டிங்கிப் படகில், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஜம்புலிங்கம் வந்தார். கூடத்தில் வைத்து, படாக் மரக் கம்பத்தில் ஏரியலைக் கட்டி, சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடியதும் குமிழைத் திருகினார். ஈ மொய்த்தது. ஊர் பொறுமையாகப் பார்த்தது. ஒரு மணி நேரம் கழித்து, வங்காளக் குடியேற்றத்திலிருந்து வந்திருந்த ஷெஃபாலி மண்டல் எழுந்து நின்று, எல்லோர் மனசிலும் இருந்ததைக் கேட்டாள்.

"தாதா, போட்டோ கோன்சா ஜகாஜ் மே ஆயேகா?"

அண்ணா, படம் எந்தக் கப்பலில் வரும் என்கிறாள். கேள்வியில் பிசகே இல்லை. ஹட் பேக்கு உருளைக்கிழங்கு கப்பலில் வருகிறது. மண்ணெண்ணெய், தபால், டாக்டர், கல்யாணப் பெண், ஒரு வாரத்துப் பேப்பர் ஒரே கட்டாக, எல்லாம் கப்பலில்தான். பெட்டி இந்தக் கப்பலில் வந்தால் படம் அடுத்ததில் வரும். ஜம்புலிங்கம் பயிற்சியில் படித்ததையெல்லாம் கூட்டி, "ஹவா மே ஆதா ஹை பௌதி, காத்துல வரும்" என்று சொல்லிப்பார்த்தார். ஷெஃபாலி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். ஹட் பேக்கு விமானம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டதும் அவர், "அக்லா ஜகாஜ்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கப்பல்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் யாராவது நாலு பேர் கரையில் காத்திருக்கிறார்கள். சாமான் இறங்கி முடிந்ததும், "போட்டோ?" என்று ஒரு கேள்வி. ஜம்புலிங்கமும் டிங்கிக்காரனைப் பார்ப்பார். டிங்கிக்காரன் உதட்டைப் பிதுக்குவான். கூட்டம் கலையும்.

படம் வரவில்லையென்றால் தினமும் ஏன் கூட்டம் கூடுகிறது என்பதற்கு விடை, கூடத்தின் நடுவில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. குடியேற்ற வீடுகளுக்கு இன்னும் மின்சாரம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு உண்டு, ஆபீசுகளுக்கு உண்டு. டெலிவிஷனுக்கு லைன் இழுத்தபோது, இன்சார்ஜ் குமிழைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு பல்பும் சேர்த்துப் போட்டார்கள். கப்பல் தாமதமானால் ஊரில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும். அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அரிசியில் கல் பொறுக்கும் பெண்கள், வலை பின்னுகிறவர்கள், எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் இங்கேதான். பல்பு நடுவில், பெட்டி முன்பக்கம். ஈ மொய்க்கும் கண்ணாடியைப் பார்த்தால் கண் கூசுகிறது. திரும்பி உட்கார்ந்தால் மடியில் வெளிச்சம் விழுகிறது. மனிதர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஆனால் பெட்டி ஓடியே ஆகவேண்டும். பெட்டி ஓடுவதற்குத்தான் லைன். அதோடு, இந்த ஈரக் காற்றில் ஒரு நாள் சூடு காட்டாமல் விட்டால் உள்ளே பூசணம் பிடித்துவிடும் என்று போர்ட் பிளேர் மெக்கானிக் பயமுறுத்தியிருக்கிறார்.

மெட்ராஸ் ஆபீசிலிருந்து மாதாமாதம் நிகழ்ச்சி நிரல் வரும். மார்ச் மாத நிரல் மே மாதம் வரும். அதனால் என்ன, கோழி மே மாதமும் கழியத்தான் செய்கிறது. ஜம்புலிங்கம் தலைப்பை அம்மாள் குரலில் அறிவிப்பார், இந்தியிலும் ஒரு தடவை சொல்வார், தன் வேலை முடிந்ததென்று குமிழைத் திருகுவார். நிகழ்ச்சி வராது. தலைப்பு மட்டும் கூடத்துக்குள் விழுந்துகிடக்கும். சும்மா கிடக்கிற தலைப்பை யாராவது எடுக்காமல் விடுவார்களா?

"கோழிக் கழிச்சலுக்கு வெங்காயத்தைத் தட்டிக் குடுத்தாப் போதும்" என்பார் பலசரக்குக் கடை அப்துல் வஹாப். ராமநாதபுரத்துக்காரர், ஊருக்கு மூத்தவர், எல்லாத் துறையிலும் கருத்து உள்ளவர்.

"வெங்காயம் ஒங்க கடையில விக்கிறீங்க பாய், அதான் சொல்றீங்க" என்பாள் ஜம்புலிங்கத்தின் மனைவி செல்லம், கல் பொறுக்கியபடியே.

"நை நை, ஹல்தி" என்பாள் ஷெஃபாலி. மஞ்சள்.

"மஞ்சளும் என் கடையிலதான் இருக்கு தாயி. எது குடுத்தாலும் எனக்கு நஷ்டமில்ல."

இப்படியாகக் கழிச்சல் நோய் இரண்டு மொழியில் இரண்டு மணி நேரம் அலசப்படும். மறுநாள் மூன்று வீட்டில் மஞ்சளும் ஒரு வீட்டில் வெங்காயமும் சோதிக்கப்பட்டு, சாயங்காலம் முடிவு வந்துசேரும். கோழிக்குப் பிறகு கருவுற்ற தாயின் உணவு, தென்னையில் வண்டு, கொதிக்கவைத்த தண்ணீர். தண்ணீர்ப் பாடத்தன்று நடந்த சண்டையில் வஹாப் பாய் மூன்று நாள் வரவில்லை. ஆனால் அவர் வீட்டில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அமளியில் பெட்டிக்கு முகம் காட்டி உட்கார்ந்திருப்பவர் ஜம்புலிங்கம் மட்டும்தான். ஸ்டூலைக் கிட்டத்தில் போட்டுக்கொண்டு, ஈக்களுக்கு நடுவே எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் வெளியே ஓடிப்போய்க் கம்பத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டு வருவார்.

ஏனென்றால் ஹட் பேயில் டெலிவிஷன் பார்த்த ஒரே மனிதர் அவர். மெட்ராஸில் பயிற்சியின் கடைசி நாளில் ஒரு பெட்டியின் முன்னால் உட்காரவைத்தார்கள். அதே அம்மாள் வந்து வணக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, தன்னை இனி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, காதோரம் விழுந்த முடியை ஒதுக்கி ஒரு சிரிப்புச் சிரித்தார். அதற்குள் படம் மாறிவிட்டது.

"என்னையப் பாத்துத்தான் சிரிச்சிச்சு பாய் அந்தம்மா" என்று ஜம்புலிங்கம் இதைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

"பொட்டிக்குள்ள இருந்த பொம்பள, வெளிய இருந்த ஒம்மப் பாத்துச் சிரிச்சுச்சு."

"ஆமா."

"நம்புறோம் தம்பி. நம்பாம என்ன. நீரு மட்டுந்தானே பாத்துருக்கீரு."

வஹாப் பாய் நம்புகிறேன் என்று சொல்லும் தோரணை, அடித்தால்கூடத் தேவலை என்று தோன்றவைக்கும். செல்லத்தின் வழி வேறு. சாயங்காலம் அவர் சட்டை மாற்றி, பாக்கெட்டில் பேனா செருகிக் கிளம்பும்போது, "சின்ன வீட்டுக்குக் கெளம்பியாச்சா? அவ இன்னிக்காச்சும் மொகத்தக் காட்டுவாளா?" என்று வாசல் வரை வந்து வழியனுப்புவாள்.

ஒரே ஒரு சாயங்காலம் படம் வந்தால் போதும். அந்த அம்மாள் வந்து வணக்கம் சொல்லி முடியை ஒதுக்கினால் போதும். அப்புறம் பெட்டி எக்கேடு கெட்டால் என்ன? போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு பிடித்துக் கட்டுகிற நிரந்தர வேலையை விட்டுவிட்டு இந்தத் தற்காலிகப் பதவிக்கு அவர் வந்தது அந்தச் சிரிப்பை நம்பித்தான். ஆனால் செல்லத்திடம், சம்பளத்துக்காக வந்ததாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

பதவிக்கு ஆயுள் மார்ச் வரை. ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பு உத்தரவு மெட்ராஸில் கையெழுத்தாகிக் கப்பலேறி வந்துசேர ஜூன் ஆகிவிடும். நடுவில் இரண்டு மாதம், தான் அரசாங்க ஊழியரா சும்மா பெட்டி துடைக்கிற ஆளா என்பது ஜம்புலிங்கத்துக்கே தெரியாது. அந்த இரண்டு மாதமும் பேனா செருகுவதை மட்டும் அவர் நிறுத்துவதில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியிலேயே போலீஸ் வயர்லெஸ்ஸில் செய்தி வந்துவிட்டது. திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்ய மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வருகிறார். பெயர் கிருஷ்ணமூர்த்தி. வருகிற கப்பலில் வந்து, அதே கப்பலில் திரும்புகிறார்.

ஊருக்குச் செய்தி அரை மணியில் பரவியது. பெட்டி போனால் லைன் போகும். லைன் போனால் பல்பு போகும். அதற்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஜம்புலிங்கம் முதலில் பவர் ஹவுஸுக்கு ஓடினார். கப்பல் காலையில் வந்து மத்தியானம் போய்விடும். ஜெனரேட்டர் ஓடுவதோ சாயங்காலம்.

"ஒரு மணி நேரம் பகல்ல ஓட்டு சிவஞானம். பெட்டிய ஓடவெச்சுக் காட்டணும்."

"டீசல் இல்லண்ணே" என்றான் ஜெனரேட்டர் பார்க்கும் சிவஞானம்.

"எப்ப வருது?"

"ஒங்க ஆபீசர் வர்ற கப்பல்லதான். பீப்பாய் எறக்கி, உருட்டிக் கொண்டாந்து ஊத்தறதுக்குள்ள அவரு திரும்பக் கப்பலேறிடுவாரு."

அடுத்தபடியாக ஜம்புலிங்கம் வீடு வீடாகப் போனார். கப்பல் வந்ததும் எல்லோரும் கூடத்துக்கு வரவேண்டும். முக்கியமாக ஒரு விஷயம்.

"ஒரு நாளைக்குப் பெட்டியப் பாத்து ஒக்காருங்க பாய். முதுக நாளைக்கிக் காட்டிக்கலாம்."

"கரண்டு இல்லாத பெட்டியவா பாக்கச் சொல்றீரு?"

"கரண்டு இருக்கும்போது மட்டும் என்ன தெரிஞ்சிது?"

வஹாப் பாய் தாடியை நீவிவிட்டு, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அதிகாரி வந்தார். வரும்போதே ராத்திரி முழுக்க வாந்தியெடுத்த முகம். டிங்கியிலிருந்து அவரை இரண்டு பேர் தூக்கித்தான் மணலில் வைத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மிஸ்டர் ஜம்புலிங்கம் யார்?" என்றார். அதற்குள் ஷெஃபாலி அவரைச் சுற்றிவந்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கையில் படம் எதுவும் கொண்டுவரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டாள்.

கூடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. பெட்டியின் கதவுகள் திறந்திருந்தன. மொத்த ஊரும் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. செத்த கண்ணாடி கறுப்பாக இருந்ததால் ஜன்னல் வெளிச்சத்தில் அதற்குள் எல்லோர் முகமும் தெரிந்தது. வெகு நாளைக்குப் பிறகு பெட்டியை நேருக்கு நேர் பார்த்த வஹாப் பாய் தாடியைச் சரிசெய்துகொண்டார். ஷெஃபாலி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த செல்லத்தை இடித்தாள்.

"போட்டோ ஆ கயா, தீதி. அச்சா ஹை." படம் வந்துவிட்டதாம், நன்றாக இருக்கிறதாம்.

"நல்லாத்தான் இருக்கு. ஒங்க மூக்குத்திகூடத் தெரியுது" என்றாள் செல்லம்.

கிருஷ்ணமூர்த்தி ஏரியலைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். பிறகு நேராகவே கேட்டார்.

"படம் வருதா, ஜம்புலிங்கம்?"

மூன்று வருஷமாக மாதாமாதம் ஜம்புலிங்கம் அறிக்கை அனுப்புகிறார். பெட்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார்கள், எழுதுவார். படம் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று அவரும் விட்டுவிட்டார்.

"வரல சார்."

"ஒரு நாள் கூடவா?"

"மின்னல் அடிச்சா ஒரு கோடு வரும் சார்."

"அப்ப இத்தனை பேர் தினமும் வந்து என்னத்தைப் பாக்கறாங்க?"

ஜம்புலிங்கம் கையைப் பிசைந்தார். சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமினார்.

"வணக்கம், நேயர்களே. இன்றைய நிகழ்ச்சியில் நாம் காண இருப்பது, கடல் பயணத்தில் ஏற்படும் தலைசுற்றலும் வாந்தியும்."

நிரலில் அப்படியொரு தலைப்பே கிடையாது. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது. கிருஷ்ணமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும், அவருடைய ஆபீஸ் மாடியில் தினமும் கேட்பது. கப்பலேறியதற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் விபரீதம் நடந்துவிட்டது. அறிவிப்பு காதில் விழுந்த நொடியில், இத்தனை வருஷப் பழக்கத்தில், ஊர் மொத்தமும் பாயோடு திரும்பி அவருக்கும் பெட்டிக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. ஜம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மார்ச் அன்றைக்கே முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

"இஞ்சிய உப்புல தோச்சு வாயில அடக்கிக்கணும்" என்றார் வஹாப் பாய், ஜன்னலைப் பார்த்து.

"இஞ்சி ஒங்க கடையில இருக்கு" என்றாள் செல்லம்.

"வயித்தக் காயப்போட்டா அதிகமா வரும்ணே. ரெண்டு இட்லியாச்சும் திங்கணும்" என்றான் சிவஞானம்.

"இம்லி," என்றாள் ஷெஃபாலி. புளி. வங்காளத்திலிருந்து கப்பலேறி வந்தபோது, மாமியார் வாயில் அவள் புளியை அடைத்து வைத்தாளாம். வாந்தியும் இல்லை, பேச்சும் இல்லை, வழி முழுக்க நிம்மதி. கூடம் அதிர்ந்தது.

கிருஷ்ணமூர்த்தி கொஞ்ச நேரம் முதுகுகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"கீழ் அறையில படுக்கறது நல்லதா, மேல்தட்டா?" என்று கேட்டார்.

அதற்கு அரை மணி நேரம் பதில் வந்தது.

கப்பல் ஊதியது. ஜம்புலிங்கமும் அதிகாரியும் மணலில் நடந்தார்கள். ஊர் பத்தடி பின்னால், காதை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு வந்துகொண்டிருந்தது. கிருஷ்ணமூர்த்தியின் வாயில் ஒரு பக்கம் இஞ்சி, ஒரு பக்கம் புளி.

"மெயின்லேண்ட் கிராமங்கள்ல படம் கண்ணாடி மாதிரி வருது, ஜம்புலிங்கம். மொதல் மாசம் கூட்டம் தாங்கல. இப்ப வாட்ச்மேன் மட்டும் ஒக்காந்து பாக்கறான். அவனும் தூங்கிடறான். படமே வராத ஒரே எடம் இது, கூட்டம் கொறையல. என்னன்னு பாத்துட்டு வான்னு அனுப்பிச்சாங்க."

"சார், படமும் வந்துட்டா இன்னும் நல்லா இருக்கும் சார்."

கிருஷ்ணமூர்த்தி நின்றார்.

"நான் ரெண்டு விதமா எழுதலாம். படம் வரல, நிலையம் கட்டுங்கன்னு எழுதினா, பணம் இல்லேன்னு பதில் வரும். அப்புறம் படம் வராத எடத்துல பெட்டி எதுக்குன்னு கேப்பாங்க. பெட்டி, லைன், ஒங்க போஸ்ட், மூணும் போயிடும். நல்லா நடக்குதுன்னு எழுதினா மூணும் இருக்கும். ஆனா நல்லா நடக்கற எடத்துக்கு யாரும் புதுசாப் பணம் ஒதுக்க மாட்டாங்க. படம் இல்லாமலே நடக்குதே, அப்படியே நடக்கட்டும்பாங்க. நிலையத்துக்கான பணம் வேற ஊருக்குப் போயிடும். ஒங்க சர்வீஸ்ல இங்க படம் வராது."

"வரவே வராதா சார்?"

"வராது."

அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. அந்த அம்மாள் காதோரம் முடியை ஒதுக்கினாரே, அது எந்தக் காது, வலதா இடதா என்று ஜம்புலிங்கம் யோசித்தார். திடீரென்று அது நினைவுக்கு வரவில்லை. பின்னால் வஹாப் பாய் யாரையோ, "சத்தம் போடாத, கேக்கல" என்று அதட்டுவது கேட்டது.

"நல்லா நடக்குதுன்னே எழுதிடுங்க சார்."

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா வேற மாதிரி வந்துடும் சார். எழுதிடுங்க."

டிங்கிக்காரன் கூப்பிட்டான். இரண்டு பேர் அதிகாரியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஜம்புலிங்கம் முட்டளவு தண்ணீரில் நின்று டிங்கியைத் தள்ளிவிட்டார். செல்லம் புடவையை நனையாமல் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன சொல்றாரு? அவ வர்றாளா?"

"வரமாட்டா."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவள் இதற்கு ஏதாவது கிண்டல் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ, சாயங்காலத்துச் சட்டையை மத்தியானத்திலேயே போட்டு வியர்வையில் நனைத்துவிட்டாரே, இன்றைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவார் என்று மட்டும் கேட்டாள்.

டிங்கி முதல் அலையைத் தாண்டியதும் கிருஷ்ணமூர்த்திக்கு ஏதோ தோன்றியிருக்கவேண்டும். ஓரத்தைப் பிடித்தபடி திரும்பி, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"வேற எதாவது வேணுமா, ஜம்புலிங்கம்? சின்னதாக் கேளுங்க. அது என் கையில இருக்கு."

"கேளும் தம்பி, கேளும்" என்று வஹாப் பாய் முதுகில் குத்தினார்.

"பீச்சே அந்தேரா ஹை, தாதா" என்றாள் ஷெஃபாலி. கூடத்தின் பின்வரிசையில் இருட்டு. அவள் மாதக்கணக்காகப் பாடிவரும் புகார்.

ஜம்புலிங்கம் கத்தினார். டிங்கியின் எஞ்சின் அதைத் தின்றுவிட்டது. மறுபடியும், அந்த அம்மாள் குரலில் அல்ல, ஜெட்டியில் கயிறு கேட்டுக் கத்துகிற தன் சொந்தக் குரலில் கத்தினார். கிருஷ்ணமூர்த்தி காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். கேட்கவில்லை.

ஜம்புலிங்கம் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். விரல்களை இறுக்கி மூடி, பல்பு மாதிரி உருட்டிப் பிடித்து, மெல்ல விரித்தார். மூடினார். விரித்தார்.

டிங்கியில் கிருஷ்ணமூர்த்தி ஒரு கணம் பார்த்தார். பிறகு கூடம் இருக்கும் திசையைக் கையால் காட்டி, தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று ஜம்புலிங்கம் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு இடது கையையும் தூக்கினார்.